குதிரையை மறந்துவிட்ட சொல்

ஒருவருடைய தயவைப் பெறுவதற்காக அவரிடம் குழைந்து நடப்பதைக் குறிக்கும் ஆங்கில வினைச்சொற்களை ஒரு தாளில் எழுத ஆரம்பித்தால் தாள் போதாது. கர்ரி ஃபேவர், இன்க்ரேஷியேட், ஃபான், டோடி, ட்ரக்கிள், க்ராவல், கௌடவ், பட்டர் அப், சக் அப், பிரவுன் நோஸ் என்று போய்க்கொண்டே இருக்கும். தமிழிலும் குறைச்சல் இல்லை. காக்கா பிடிப்பது, ஐஸ் வைப்பது, சோப்புப் போடுவது, ஜால்ரா தட்டுவது, தாஜா பண்ணுவது, வால் பிடிப்பது, கூழைக்கும்பிடு போடுவது. அகராதியில் இவையெல்லாம் ஒன்றுக்கு ஒன்று ஈடு என்பது மாதிரி வரிசையாக நிற்கும். புழக்கத்தில் அப்படி இல்லை, ஒவ்வொன்றுக்கும் தனி எடை, தனி இடம். அந்த வித்தியாசங்களை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத எழுத வேறொன்று உறுத்த ஆரம்பித்தது. இத்தனை சொற்களும் குழைகிறவனைப் பற்றியவை. தன் முன்னால் குழைந்தால்தான் காரியம் நடக்கும் என்று ஆக்கி வைத்திருக்கிறாரே, அவரைச் சொல்ல ஏன் ஒரு வினைச்சொல்கூட இல்லை?

இந்த உறுத்தலுக்குக் காரணம் எங்கள் குடியிருப்பில் இருக்கிற ஒரு பெண். மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். வருடாந்திர மதிப்பீடு வந்திருந்தது. கைப்பேசியில் காட்டினாள். வேலைத்திறன், நேரம் தவறாமை எல்லாவற்றுக்கும் நல்ல மதிப்பெண்கள். 'மேம்படுத்திக்கொள்ள வேண்டியவை' என்ற கட்டத்தில் மட்டும் மேலாளர் ஒரு வரி எழுதியிருந்தார்: மூத்தவர்களிடம் தன்னை இன்க்ரேஷியேட் செய்துகொள்ளக் கற்றுக்கொள்ள வேண்டும்.

"நல்ல வார்த்தைதானேக்கா? ஆப்ல பார்த்தேன், ஒருத்தரோட நல்லெண்ணத்தைப் பெறுறதுன்னு போட்டிருக்கு. எல்லார்கிட்டயும் நல்லாப் பழகணும்னு சொல்றாரு போல."

ஆப் சொன்ன பொருளில் தப்பில்லை. அந்தச் சொல்லின் நிறத்தைத்தான் அது சொல்லவில்லை. இன்க்ரேஷியேட் என்பது ஆங்கிலத்தில் ஒருவர் தன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் சொல் இல்லை. அடுத்தவரைப் பற்றி, பெரும்பாலும் அவர் இல்லாத இடத்தில், உதட்டைச் சுழித்துக்கொண்டு சொல்லும் சொல். 'தயவுக்குள்' என்று பொருள்படும் இரண்டு லத்தீன் சொற்களிலிருந்து 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது. இதற்கு இலக்கணத்தில் ஒரு கட்டாயம் உண்டு: 'ஹிம்செல்ஃப்', 'ஹெர்செல்ஃப்' என்று தன்னைச் சுட்டும் சொல் பக்கத்திலேயே வந்தாக வேண்டும், அதற்கப்புறம் 'வித்' வர வேண்டும். 'டூ' போட்டால் காதில் உரசும். அதாவது இந்த வினையில் ஆள் தன்னையே தூக்கிக்கொண்டு போய் இன்னொருவருடைய தயவுக்குள் வைக்கிறான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை, கதவு சாத்தி இருந்தது என்பதுபோல ஒரு தொனி. 'இன்க்ரேஷியேட்டிங்' புன்னகை என்று ஒரு கதையில் படித்தீர்கள் என்றால் அந்தப் பாத்திரத்தை நம்பாதீர்கள், எழுத்தாளர் அதற்குத்தான் அந்தச் சொல்லைப் போட்டிருக்கிறார்.

இதைச் சொன்னதும் அந்தப் பெண்ணின் முகம் மாறிப்போனது. மேலாளர் 'இணக்கமாகப் பழகு' என்று எழுத நினைத்துச் சொல் தவறியிருக்கலாம். அல்லது அந்த அலுவலகத்தில் மேலே போக உண்மையிலேயே வேண்டியிருப்பதை அவர் வெளிப்படையாக எழுதியிருக்கலாம். எதுவானாலும் குறை என்று பதிவானது இவள் பெயரில். எதிர்பார்க்கிற மூத்தவர்களின் மதிப்பீட்டில் அப்படி ஒரு வரி வந்திருக்காது, அதை எழுத ஒரு வினைச்சொல்லும் கிடைத்திருக்காது.

சரி, கர்ரி ஃபேவருக்கு வருவோம். தமிழ்க் காது இதைக் கேட்டதும் முதலில் போகிற இடம் சமையலறை. கறிக்குழம்பு வைத்துக் கொடுத்து ஆளை வளைப்பது என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொள்கிறோம். உணவைக் குறிக்கிற கர்ரி நம்முடைய கறிதான், அதில் சந்தேகம் வேண்டாம். போர்த்துகீசியர் வாயில் கரில் ஆகி, ஆங்கிலேயர் வாயில் கர்ரி ஆனது. ஹானா கிளாஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1747-இல் வெளியிட்ட சமையல் குறிப்புகளிலேயே 'இந்திய முறையில்' கர்ரி செய்யும் பக்குவம் வந்துவிட்டது. ஆனால் கர்ரி ஃபேவரில் இருக்கும் கர்ரி அது இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியது 1600-ஆம் ஆண்டின் கடைசி நாள். கர்ரி ஃபேவர் என்ற தொடர் அதற்கும் பல பத்தாண்டுகளுக்கு முன்னால், 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கிலத்தில் புழங்கிக்கொண்டிருந்தது. இந்தக் கர்ரி பழைய பிரெஞ்சில் 'தயார் செய்' என்று பொருள்படும் ஒரு வினையிலிருந்து வந்தது. பதனிட்ட தோலை மெருகேற்றுவதும் கர்ரிதான், குதிரையைத் தேய்த்துச் சுத்தம் செய்வதும் கர்ரிதான்.

நமக்கு வேண்டியது அந்தக் குதிரை.

குதிரையைத் தேய்த்துவிடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் இந்தச் சொல் முழுசாகப் பிடிபடும். கையில் இரும்புப் பல் வைத்த ஒரு தேய்ப்பான், இப்போதெல்லாம் ரப்பரிலும் வருகிறது. கழுத்தில் ஆரம்பித்து முதுகு, விலா, தொடை என்று சின்னச் சின்ன வட்டமாக அழுத்தித் தேய்த்துக்கொண்டே போவார்கள். உதிர்ந்த முடியும் காய்ந்த மண்ணும் வியர்வை உப்பும் பொடியாகக் கிளம்பித் தேய்க்கிறவர் முகத்தில் படியும். பிடரிக்குக் கீழே ஓர் இடம் இருக்கிறது, அங்கே தேய்த்தால் குதிரை அப்படியே கிறங்கிவிடும். காதைத் தளர்த்திக்கொள்ளும், கீழுதடு தொங்கும், உடம்பின் பாரத்தைத் தேய்க்கிறவர் மேலேயே சாய்க்கும். கையை எடுத்தால் மூக்கால் இடித்து இன்னும் என்று கேட்கும். புழுதி முழுக்க ஆளுக்கு, சுகம் முழுக்க மிருகத்துக்கு.

இந்தக் குதிரைக்கு ஒரு பெயர் இருந்தது. ஃபோவெல். 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் எழுதப்பட்ட ஒரு நையாண்டிக் கதைப்பாடலின் நாயகன். எழுதியவர் ழெர்வே து பூஸ் என்று சொல்லப்படுகிறது, அரச அலுவலகத்திலேயே எழுத்தராக இருந்தவர். முதல் பாகம் 1310, இரண்டாம் பாகம் 1314. வெளிறிய பழுப்பு மஞ்சள் நிறக் குதிரை, அந்தக் காலத்து ஐரோப்பாவில் அந்த நிறத்தையே வஞ்சகத்தோடு சேர்த்துப் பார்த்தார்கள். பெயரின் ஒவ்வொரு எழுத்தும் ஒரு கேட்டின் முதலெழுத்து: முகஸ்துதி, பேராசை, கயமை, நிலையின்மை, பொறாமை, கோழைத்தனம். முகஸ்துதிதான் முதலில் நிற்கிறது. லாயத்தில் கிடந்த குதிரையை அதிர்ஷ்ட தேவதை அரண்மனைக்குக் கொண்டுவந்து வைக்கிறாள். அப்புறம் பாருங்கள், போப்பாண்டவர் தொடங்கி அரசர்கள், பிரபுக்கள், துறவிகள் வரை எல்லோரும் அதைத் தேய்த்துவிட வந்து நிற்கிறார்கள். குதிரைக்குத் தலை கால் புரியவில்லை, அதிர்ஷ்ட தேவதையையே கல்யாணம் பண்ணிக்கொள்ளக் கேட்கிறது. அவள் மறுத்து, வெற்றுப் பெருமை என்பவளைக் கட்டி வைக்கிறாள்.

இது சும்மா எழுதிய கதை இல்லை. நான்காம் பிலிப்பின் ஆட்சிக்காலம் அது. அரசருடைய அந்தரங்க அதிகாரியாக, கஜானாச் சாவியே கையில் இருக்கிற மாதிரி உயர்ந்திருந்த ஆங்கெரான் த மாரின்யியை மனதில் வைத்துத்தான் இந்தக் குதிரை வரையப்பட்டது என்பது ஆய்வாளர்கள் பலருடைய கணிப்பு. 1314-இல் பிலிப் இறந்தார், 1315 ஏப்ரலில் மாரின்யியைத் தூக்கில் போட்டார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அந்தக் கதைப்பாடலை ஓவியங்களோடும் 160-க்கு மேற்பட்ட இசைப் பகுதிகளோடும் சேர்த்து ஒரு பெரிய கையெழுத்துப் பிரதியாக ஆக்கினார்கள். இன்றைக்கும் பாரீசில் பிரான்சு தேசிய நூலகத்தில் இருக்கிறது. அதில் சில படங்களில் ஃபோவெல் முழுக் குதிரை, சில படங்களில் மனித உடம்பும் குதிரைத் தலையுமாக அரியணையில் உட்கார்ந்திருக்கும். நடுக்கால ஐரோப்பிய இசையைப் படிப்பவர்களுக்கு இந்தப் பிரதி ஒரு புதையல். எனக்கு அது வேறு காரணத்துக்காக முக்கியம். அங்கே கோபம் இரண்டு பக்கமும் போகிறது. தேய்க்கிறவர்களையும் விடவில்லை, தேய்த்துக்கொள்கிற குதிரையையும் விடவில்லை. சொல்லப்போனால் கதையின் பெயரே குதிரையின் பெயர்தான்.

ஆங்கிலத்துக்கு வந்தபோது இது 'கர்ரி ஃபேவெல்' என்றுதான் இருந்தது, ஃபேவெலைத் தேய்த்துவிடுவது. ஒரு நூற்றாண்டு ஓடியது. ஃபேவெல் யார் என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. புரியாத பெயர் வாயில் நிற்குமா? பக்கத்திலேயே ஒலி ஒத்து, பொருளும் ஏறக்குறையப் பொருந்துகிற 'ஃபேவர்' இருந்தது. தயவு. ஃபேவெல் ஃபேவர் ஆகிவிட்டது. குதிரை போய்விட்டது, தேய்க்கிற கை மட்டும் மிச்சம். இன்றைக்கு 'தயவைத் தேய்ப்பது' என்று ஒரு வினோதமான தொடரை வைத்துக்கொண்டு ஆங்கிலேயர்களே ஏன் என்று தெரியாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

தமிழிலும் இதே மாதிரி ஒன்று நடந்ததாகச் சொல்வதுண்டு. காக்கா பிடிப்பதில் காக்காய்க்கு என்ன வேலை? காலையும் கையையும் பிடிப்பது, 'கால்கை பிடித்தல்', வாய்வழக்கில் தேய்ந்து காக்கா ஆனது என்று தமிழாசிரியர்கள் விளக்குவார்கள். நான் படித்த பள்ளியிலும் அப்படித்தான் சொன்னார்கள். அந்த விளக்கப்படி பார்த்தால் இங்கேயும் போனது அதே ஆள்தான். கால் என்று சொன்னால் அது யாருடைய கால் என்ற கேள்வி வரும். காக்கா என்றால் அந்தக் கேள்வியே எழாது.

பட்டர் அப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இதில் நம் ஊரை இழுத்து விட்டிருக்கிறார்கள். பழைய இந்தியாவில் சாமி சிலைகள்மேல் வெண்ணெய் உருண்டை எறிந்து வரம் கேட்பார்கள், அதிலிருந்துதான் 'வெண்ணெய் தடவுவது' என்ற ஆங்கிலத் தொடர் வந்தது என்று இணையத்தில் நூறு இடங்களில் பார்க்கலாம். மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் காளி சிலைமேல் வெண்ணெய் எறிகிற வழக்கம் இருந்தது உண்மை. நடனத்தில் தோற்றுக் கோபமாக நிற்கிற காளியைக் குளிர்விக்க எறிவது அது. ஆனால் அதற்கும் இந்த ஆங்கிலத் தொடருக்கும் கோடு போட ஒரு சான்றும் கிடையாது. ரொட்டியில் வெண்ணெய் தடவத் தெரிந்த எந்த ஊர்க்காரனும் யோசிக்கக்கூடிய தொடர். பக்தியை முகஸ்துதிக்கு மூலமாக்கி ஒரு கதை இவ்வளவு சுலபமாகப் பரவுவது எனக்குப் பிடிக்கவில்லை.

டோடி என்ற சொல்லின் கதை எனக்கு இவற்றிலேயே ரொம்பவும் வலிக்கிற கதை. டோட் என்றால் தேரை. 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சந்தைக்குச் சந்தை மேடை போட்டு மருந்து விற்கிற போலி வைத்தியர்கள் இருந்தார்கள். தேரை கொடிய விஷம் என்பது அன்றைய நம்பிக்கை. வைத்தியரின் கையாள் ஒருவன் கூட்டத்துக்கு முன்னால் ஒரு தேரையைத் தின்பான், அல்லது தின்பதாகப் பாவனை காட்டுவான். துடிதுடித்து விழுவான். முதலாளி தன் மருந்தைப் புகட்டுவார். எழுந்து நிற்பான். கூட்டம் பையைத் திறக்கும். அந்தக் கையாளுக்குப் பெயர் டோட் ஈட்டர், தேரை தின்னி. வயிற்றுப் பிழைப்புக்காக எதையும் விழுங்கத் தயாராக இருப்பவன் என்ற பொருளில் பெரிய வீடுகளில் அண்டிப் பிழைக்கிற ஏழை உறவினர்களை, முக்கியமாகப் பெண்களை, இப்படி அழைக்க ஆரம்பித்தார்கள். அது சுருங்கி 19-ஆம் நூற்றாண்டில் டோடி ஆயிற்று.

யோசித்துப் பாருங்கள். ஏமாற்றியது வைத்தியர். காசு போனது வைத்தியர் பைக்கு. தேரை போனது இவன் வாய்க்கு. முந்நூறு நானூறு வருடம் கழித்து வசையாக நிற்பது எவன் பெயர்? அந்த மேடைமேல் எத்தனை பசி நின்றிருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இன்றைக்கு ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு மந்திரியின் ஆட்களை டோடி என்று எழுதும்போது அந்த மந்திரியும் அந்த வசைக்குள் வர வேண்டும், வருவதில்லை. (பயன்பாட்டுக் குறிப்பு: வினையாக வரும்போது டோடிக்குப் பின்னால் 'டூ' வரும். ஃபானுக்கு 'ஆன்' அல்லது 'ஓவர்'. சக் அப்புக்கும் கௌடவுக்கும் 'டூ'. பட்டர் அப்புக்கு எதுவும் வேண்டாம், ஆளை நேராகவே தடவலாம். கர்ரி ஃபேவருக்கு 'வித்'.)

ஃபான் என்பதை மான்குட்டியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், ஒலி ஒன்று, வேர் வேறு. இது மகிழ்ச்சி என்ற பொருளுள்ள பழைய ஆங்கில வேரிலிருந்து வந்து, நாய் எஜமானைக் கண்டு வாலாட்டிக் குழைவதைச் சொல்லப் பயன்பட்டு, பிறகு மனிதனுக்கு வந்தது. நாய் குழைந்தால் அன்பு. மனிதன் குழைந்தால் இழிவு. துதிபாடியைக் குறிக்கும் சிக்கோஃபன்ட் என்ற சொல் இன்னொரு வழியில் வந்தது: கிரேக்கத்தில் அதன் நேர்ப்பொருள் 'அத்திப்பழத்தைக் காட்டுகிறவன்', ஏதென்சில் ஆதாயத்துக்காக ஊரார்மேல் வழக்குப் போட்டு மிரட்டுகிறவர்களை அப்படிச் சொன்னார்கள். அத்திப்பழம் எப்படி உள்ளே வந்தது என்பதில் பழங்காலத்திலேயே அடிதடி. இன்றைய கிரேக்க மொழியில் அதே சொல் அவதூறு பேசுகிறவனைத்தான் குறிக்கிறது. ஆங்கிலத்தில்தான் கோள்சொல்லி, துதிபாடி ஆனான். இரண்டும் அவ்வளவு தூரமில்லை என்று எந்த அலுவலகத்தில் வேலை பார்த்தவருக்கும் தெரியும்.

இதுவரை சொன்னதெல்லாம் கீழே இருப்பவன் மேலே பார்த்துச் செய்வது. மேலே இருப்பவர் கீழே வந்து தயவு கேட்டால்? அங்கே சொற்களே மாறிவிடுகின்றன. இதை ஒருமுறை கவனித்துவிட்டால் ஆங்கிலச் செய்தித்தாளைப் பழையபடி படிக்க முடியாது. ஒரு வேட்பாளர் வாக்காளர் வீட்டு வாசலில் போய்க் கும்பிட்டு நின்றால் அவர் வாக்காளர்களை 'கோர்ட்' செய்கிறார், அல்லது 'வூ' செய்கிறார். ஒரு மாநில அரசு முதலீட்டாளர்களுக்கு நிலமும் வரிச்சலுகையும் கொடுத்து அழைத்தால் அதுவும் 'வூ'. இரண்டும் காதலில் புழங்குகிற சொற்கள். கோர்ட் என்பது அரசவை. அரசவையில் போய் நயந்து நடப்பதே முதலில் அந்த வினை, பிறகு பெண்ணை நயப்பதற்கு வந்தது. எவ்வளவு மரியாதையான சொல். அதே வாக்காளர் ஐந்து வருடம் ஒரு பட்டாவுக்காக அந்த வேட்பாளரின் வீட்டு வாசலில் நின்றால் அவர் என்ன செய்கிறார்? அவருக்கு 'க்ராவல்' இருக்கிறது, மண்ணில் குப்புறத் தவழ்வது. கேட்கப்படும் பொருள் ஒன்றுதான், தயவு. கும்பிடும் ஒன்றுதான். சரிவு எந்தப் பக்கம் என்பதை வைத்து ஒருவருக்குக் காதல், இன்னொருவருக்குப் புழுதி.

இந்திய ஆங்கிலத்தில் கோர்ட்டுக்கு ஒரு அழகான திருப்பம் உண்டு, சொல்லாமல் போக மனமில்லை. 'கோர்ட் அரெஸ்ட்'. சுதந்திரப் போராட்டக் காலத்திலிருந்து இன்றுவரை மறியல் செய்து கைதாகிறவர்களைப் பற்றி நம் ஆங்கிலப் பத்திரிகைகள் இப்படி எழுதுகின்றன, கைதாவதை நாடிப் போனார்கள் என்று. அதிகாரத்திடம் தயவைத் தேடிப் போகிற வினையை வைத்து, அதிகாரத்தின் தண்டனையைத் தேடிப் போவதைச் சொல்வது. யார் முதலில் எழுதினாரோ, அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

கௌடவ் சீன மொழியிலிருந்து வந்தது, தலையைத் தரையில் முட்டுவது. சிங் வம்சத்து அரசவையில் மூன்று முறை மண்டியிட்டு ஒன்பது முறை தலையைத் தரையில் தொட வேண்டும். 1793-இல் பிரிட்டிஷ் தூதராகச் சியான்லோங் பேரரசர் முன்னால் போன மெக்கார்ட்னி பிரபு, பிரிட்டிஷ் தரப்புக் குறிப்புகளின்படி, அதற்கு உடன்படாமல் தன் அரசருக்குச் செய்கிறபடி ஒற்றைக் காலை மட்டும் மடக்கினார். 1816-இல் போன ஆம்ஹர்ஸ்ட் பிரபுவும் மறுத்தார், பேரரசரைப் பார்க்காமலே திரும்பினார். இந்தத் தகராறுகளின் சூட்டோடுதான் அந்தச் சொல் ஆங்கிலத்தில் 'அடிபணிவது' என்ற வசையாக ஊன்றியது. சீனத்தில் அது வசையே இல்லை. பெற்றோருக்கும் முன்னோருக்கும் செய்கிற மரியாதை அது, நம் ஊரில் பெரியவர்கள் காலில் விழுந்து ஆசி வாங்குகிற மாதிரி.

இந்த மெக்கார்ட்னி யார் என்றால், 1781 முதல் 1785 வரை சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக இருந்தவர். அந்தக் கோட்டைக்குள் அவர் முன்னால் எத்தனை பேர் எப்படியெல்லாம் குனிந்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். பிரிட்டிஷ் கவர்னருக்கு முன்னால் இந்தியர் குனிந்ததைச் சொல்ல இப்படி ஒரு வசைச்சொல்லை ஆங்கிலம் இங்கிருந்து எடுத்துக்கொண்டு போகவில்லை. எட்டு வருடம் கழித்து அவரைக் குனியச் சொன்ன இடத்திலிருந்துதான் எடுத்துக்கொண்டு போனது.

குனிவதற்கான நம் ஆங்கிலமும் அந்தக் காலத்துச் சொத்துதான். 'ஐ பெக் டு ஸ்டேட்' என்று ஆரம்பித்து 'யுவர் மோஸ்ட் ஒபீடியன்ட் சர்வன்ட்' என்று முடிகிற கடித முறை. இங்கிலாந்தில் அது பிரபுக்கள் தங்களுக்குள்ளேயே எழுதிக்கொண்ட வெற்று உபசாரம். இங்கே வந்ததும் அது நிஜமாகிவிட்டது. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் எந்த மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் போய்ப் பாருங்கள். வாசல் பக்கம் மரத்தடியில் மனு எழுதிக் கொடுப்பவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒரு பாட்டி முதியோர் உதவித்தொகை நின்றுபோனதைச் சொல்கிறார். எழுதுகிறவர் கை அதற்கு முன்னாலேயே 'ஐயா, வணக்கம். தங்கள் மேலான சமூகத்திற்கு' என்று ஓட ஆரம்பித்துவிட்டது. கடைசியில் 'கருணை கூர்ந்து', 'தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்'. "நான் கருணையெல்லாம் கேக்கலப்பா, வந்துக்கிட்டு இருந்த பணம் ஏன் நின்னுச்சுன்னுதான் கேக்கறேன்" என்று ஒரு பாட்டி சொன்னதை நான் கேட்டேன். எழுதுகிறவர் நிமிராமலே, "அப்படி எழுதினாத்தான் பாட்டி படிப்பாங்க" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரின் பிடரி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

உரிமையைக் கேட்கிற வினையும் தயவைக் கேட்கிற வினையும் வேறு வேறு. ஆங்கிலத்தில் முதலாவதற்கு 'க்ளைம்', இரண்டாவதற்கு 'பெக்'. அந்த மனுவில் 'கோருகிறேன்' என்று எழுதியிருந்தால் போதும், மரியாதையிலும் குறையிருக்காது.

குழைகிறவனைப் பிடித்து அடிக்கிற இந்தக் கூட்டத்துக்கு நடுவில் அகராதிக்காரர் ஒருவர் எதிர்ப்பக்கம் திரும்பினார். சாமுவேல் ஜான்சன். 1747-இல் தன் ஆங்கில அகராதிக்கான திட்டத்தை எழுதிச் செஸ்டர்ஃபீல்டு பிரபுவுக்குச் சமர்ப்பித்தார். பத்து பவுண்டு வந்தது. அதற்கப்புறம் பிரபுவின் வெளிக்கூடத்தில் காத்திருந்து திரும்பியதுதான் மிச்சம். சில உதவியாளர்களை வைத்துக்கொண்டு, கடனோடும் மனைவியின் சாவோடும் மல்லுக்கட்டி, சுமார் 42,000 சொற்களை முடித்தார். அகராதி வெளிவரப் போகிற நேரத்தில், 1754-இன் கடைசியில், பிரபு ஒரு பத்திரிகையில் அதைப் புகழ்ந்து இரண்டு கட்டுரை எழுதினார். சமர்ப்பணம் தனக்கு வரட்டும் என்ற ஏற்பாடு. 1755 பிப்ரவரி 7-ஆம் தேதி ஜான்சன் ஒரு கடிதம் எழுதினார். உங்கள் வெளிக்கூடத்தில் காத்திருந்து, உங்கள் வாசலிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு ஏழு ஆண்டு ஆகிறது. தண்ணீரில் உயிருக்குப் போராடுகிறவனைக் கவலையில்லாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவன் கரையேறியதும் உதவி என்ற பெயரில் வந்து மேலே விழுகிறவர்தானே புரவலர்? ஏறக்குறைய இப்படிக் கேட்டார்.

இரண்டு மாதம் கழித்து அகராதி வந்தது. அதில் பேட்ரன், அதாவது புரவலர் என்ற சொல்லுக்கு அவர் எழுதிய பொருள்: ஆதரிப்பவர், காப்பவர். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. பெரும்பாலும், திமிரோடு ஆதரித்து, முகஸ்துதியைக் கூலியாகப் பெற்றுக்கொள்ளும் ஈனன் என்று சேர்த்தார். முகஸ்துதி யாரிடம் போய்ச் சேருகிறது, அது யாருக்கு வருமானம் என்பதை ஒரு அகராதி இவ்வளவு நேராகச் சொல்லி நான் வேறெங்கும் பார்க்கவில்லை. ஏறக்குறைய இருநூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் காணாமல் போன குதிரையை அவர் அந்த ஒரு வரியில் பிடித்துக் கட்டிவிட்டார்.

பிறகு 1762-இல் அரசாங்கம் ஜான்சனுக்கு வருடத்துக்கு 300 பவுண்டு உதவித்தொகை அறிவித்தது. அவர் தயங்கினார், ஏனென்றால் அதே அகராதியில் உதவித்தொகை என்பது நாட்டுக்குத் துரோகம் செய்கிற கூலியாளுக்குத் தரும் காசு என்றும் எழுதியிருந்தார். நண்பரான ஓவியர் ரெனால்ட்சிடம் கேட்டுப் பார்த்துவிட்டு ஏற்றுக்கொண்டார். நன்றி சொல்லப் போனபோது பிரதமர் ப்யூட் பிரபு சொன்னது இது: இனி நீங்கள் செய்யப்போகிற எதற்காகவும் இதைத் தரவில்லை, இதுவரை செய்ததற்காகத் தருகிறோம்.

அந்தப் பெண்ணின் மதிப்பீட்டுப் படிவத்தில் பதில் எழுத ஒரு கட்டம் இருந்தது. அவள் கேட்டதால் சேர்ந்து உட்கார்ந்து எழுதினோம். மூத்தவர்களோடு இணைந்து வேலை செய்வதில் குறை இருந்தால் எந்த வேலையில், எப்போது என்று சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். இன்க்ரேஷியேட் என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் இருக்கும் பொருள் இது, அதை எதிர்பார்க்கவில்லை என்றால் அந்த வரியை மாற்றித் தரக் கோருகிறேன். பெக் போடவில்லை, ரிக்வெஸ்ட் போட்டோம். பதில் இன்னும் வரவில்லை.